ஜன்னல் இல்லாத கார் ஷெட், ஷட்டர் ரூம்: வெயில் காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் ரோலிங் ஷட்டர், ஜன்னல் கிடையாது. கார் நிறுத்தத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் பல வீடுகளில் அங்கே தையல் மெஷின் ஓடுகிறது, டூவீலர் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், டியூஷன் நடக்கிறது. வயரிங் வேலைக்குப் போகும் இடமெல்லாம், மார்ச் பிறந்துவிட்டால், இந்த அறைகளைப் பற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. நம்மூர் வெயிலையும் நம்மூர் கட்டடத்தையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

வெளியில நின்னாகூட பரவாயில்ல, உள்ள போனா வேகுது. ஏன் அப்படி?

வெளியே சூடாகும் காற்று நகர்ந்துவிடுகிறது. உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக வழியில்லை. அது மேலே ஏறிக் கூரைக்கு அடியில் தேங்கி, நேரம் ஆக ஆகக் கீழே இறங்கி, மூன்று மணி வாக்கில் உங்கள் தலைமட்டத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று, கூரையும் சுவரும் ஷட்டரும் சூடேறி நாலா பக்கமிருந்தும் உங்கள் மேல் அனலை வீசுகின்றன. தெர்மாமீட்டரில் வெளியே இருக்கும் அதே அளவுதான் காட்டினாலும், உடம்புக்கு அதைவிட அதிகமாகத் தெரிவது இதனால்தான். கான்கிரீட்டும் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டுச் சாயங்காலம்தான் விடத் தொடங்கும். அதனால் ராத்திரி எட்டு மணிக்கும் உள்ளே புழுங்கும்.

சூடு எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உள்ளங்கை போதும். மதியம் மூன்று மணிக்கு உள்ளே போய் ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பாருங்கள். ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையையும் தொடுங்கள். ஷட்டரை மட்டும் பார்த்துத் தொடுங்கள், வெயில் நேராக அடித்தால் கை பொத்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு முறை. எது இரண்டு வேளையும் சுடுகிறதோ, உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

மேலே மாடி வீடு இருந்தால் கூரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் ஷட்டரும் மேற்குச் சுவரும்தான் காரணம். மேலே மொட்டை மாடியோ ஷீட்டோ இருந்தால் கூரைதான் முதல் எதிரி. தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் மேலே நிற்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நட்டு வைத்த கம்புக்கு நண்பகலில் நிழலே விழாத நாள் ஒன்று வரும். அந்த நேரத்தில் தெற்குச் சுவரில் அதிகம் அடிக்காது, கூரைதான் முழுசாக வாங்கும். மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம். தெற்குச் சுவருக்குத் தட்டி கட்டிவிட்டு ஒன்றும் குறையவில்லை என்று சொல்பவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினா போதும்தானே?

காற்று உள்ளே வர வழி இருந்தால் போதும். இல்லையென்றால் ஃபேன் சத்தம் போடும், வேலை செய்யாது. ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு எக்ஸாஸ்ட் ஓட்டினால் அதற்கு இழுக்கப் போதிய காற்று கிடைக்காது. எட்டடி அகல ஷட்டரை மூன்று இஞ்ச் தூக்கி வைத்தால் இரண்டு சதுர அடி திறப்பு கிடைக்கும், பன்னிரண்டு இஞ்ச் ஃபேனுக்கு அது தாராளம்.

ஃபேன் இருக்க வேண்டிய இடம் ஷட்டருக்கு எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி. காற்று நுழைய வேண்டிய இடம் ஷட்டர் பக்கம், தரையை ஒட்டி. அப்போதுதான் வரும் காற்று அறை நீளத்துக்கும் நடந்து, மேலே தேங்கிய சூட்டைத் தள்ளிக்கொண்டு போகும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி கொளுத்தி ஷட்டர் இடுக்கில் பிடியுங்கள். புகை உள்பக்கம் படுத்து ஓடினால் நல்லது. நேராக மேலே போனால் ஃபேன் சும்மா சுற்றுகிறது. பத்தியை எடுத்துக்கொண்டு அறையின் நாலு மூலைக்கும் போங்கள், எந்த மூலையில் புகை அசையாமல் நிற்கிறதோ அங்கே மேஜை போட்டு உட்காராதீர்கள்.

எத்தனை இஞ்ச் ஃபேன்?

அறையின் கன அளவைப் பாருங்கள். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம், பத்தடி உயரம் என்றால் 1800 கன அடி, அதாவது சுமார் 51 கன மீட்டர். மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும் என்றால் 1000 கன மீட்டர் சொச்சம் தள்ளும் ஃபேன் வேண்டும். இந்த எண் ஃபேன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். நல்ல பன்னிரண்டு இஞ்ச் ஃபேன் இதைத் தாண்டிவிடும். பாத்ரூமுக்கு வாங்கிய ஆறு இஞ்ச் ஃபேனை இங்கே மாட்டுவது பணத்துக்குக் கேடு.

பின்னால பக்கத்து வீட்டுச் சுவர். ஓட்டை போடவே முடியாது. இருக்கிறது ஷட்டர் பக்கம் மட்டும்தான்.

அதிகமாக வரும் சிக்கல் இதுதான். ஷட்டருக்கு மேலேயே ஃபேனை மாட்டிவிட்டால் கீழே நுழையும் காற்று குறுக்கு வழியில் மேலே ஏறி வெளியே போய்விடும். பின்பாதி அறைக்கு எதுவும் போய்ச் சேராது.

இதற்கு ஆறு இஞ்ச் பிவிசி பைப்பைக் கூரை ஓரமாகப் பின்சுவர் வரை ஓட்ட வேண்டும். பைப்பின் பின்முனை திறந்திருக்கும். முன்முனை ஷட்டருக்கு மேல் வெளியே வரும், அங்கே பைப்புக்குள் பொருத்தும் இன்லைன் ஃபேன். இப்போது அது இழுப்பது பின்னால் தேங்கிய சூடான காற்றை. அதன் இடத்தை நிரப்ப ஷட்டர் அடியிலிருந்து வரும் காற்று முழு அறையையும் கடந்தாக வேண்டும். சுவர் ஃபேன் அளவுக்குக் காற்று கிடைக்காது, பாதி கிடைத்தால் அதிகம். இருந்தாலும் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். பைப்பில் வளைவுகளைக் குறையுங்கள், ஒவ்வொரு எல்போவும் காற்றைத் தின்னும். வெளிமுனையில் எலி வலையும், மழை இறங்காமல் கீழ்நோக்கிய ஒரு வளைவும் வேண்டும்.

ஓட்டை போடும்போது பீம், தூண், லிண்டல் எதையும் தொடாதீர்கள். ஷட்டருக்கு மேலே ஓடுவது பெரும்பாலும் லிண்டலோ பீமோதான். கம்பி தட்டுப்பட்டால் நிறுத்திவிட்டு வேறு இடம் பாருங்கள்.

சீலிங் ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது. கழட்டிடலாமா?

சீலிங் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைக் காயவைத்து உங்களைக் குளிர்விக்கிறது. அதனால் ஆள் இல்லாத அறையில் அதை ஓட்டுவதில் பயன் இல்லை. ஷீட் கூரைக்கு அடியில் மாட்டினால் அது மேலே தேங்கிய சூட்டை இழுத்து உங்கள் தலையில் கொட்டும். அங்கே ஷட்டர் ஓரமாக ஒரு பெடஸ்டல் ஃபேனை உள்பார்க்க வைப்பது நல்லது, வெளிக்காற்றாவது வரும்.

மேலே மாடி இருக்கிற அறையில் சீலிங் ஃபேன் இருக்கட்டும். காற்றின் சூடு நம் தோலின் சூடான 35 டிகிரியைத் தாண்டும்போது ஃபேன் காற்று அனலாகத் தெரிவது இயல்பு, வியர்வை இருக்கும்வரை உதவவும் செய்யும். தண்ணீர் குடிக்காமல் ஃபேனை மட்டும் நம்பி உட்காருவதுதான் ஆபத்து. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார்.

ஷட்டரை என்ன பண்றது? மத்தியானம் கை வைக்க முடியல.

வெயில் ஷட்டரில் படும் முன்னாலேயே தடுக்க வேண்டும். உள்பக்கம் எதை ஒட்டினாலும் தகடு சூடான பிறகுதானே. போதாக்குறைக்கு, சுருளும் ஷட்டரில் எதையும் ஒட்டவும் முடியாது. வெளியே மூன்றடி, நாலடி நீட்டி ஒரு சன்ஷேட். மேற்குப் பார்த்த ஷட்டராக இருந்தால் அதுவும் போதாது, நாலு மணி வெயில் சாய்ந்து அடியில் புகுந்துவிடும். சன்ஷேட் நுனியிலிருந்து பச்சை நெட்டையோ மூங்கில் தட்டியையோ தொங்கவிடுங்கள், ஷட்டருக்கும் அதற்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருக்கட்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கட்டினால் நெட்டே சூடாகி ஷட்டரையும் சூடாக்கும்.

கரும்பச்சை, நீலம், பழுப்பு ஷட்டர்களை வெள்ளையாக்கினால் நன்றாகவே குறையும். கடைக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை, அழுக்குத் தெரியுமாம். புதிதாக ஷட்டர் போடுகிறவர்கள் மேல்பாதியில் துளையுள்ள தகடு கேளுங்கள். பூட்டினாலும் காற்று போகும்.

மேல தகர ஷீட். எதைப் போட்டா குறையும்?

வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மேல்பக்கம் வெள்ளை. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படியப் படியக் குறையும், அதனால் பங்குனியில் ஒருமுறை கழுவிவிடுங்கள். அடுத்து நிழல். ஷீட்டுக்கு ஓரடி உயரத்தில் பைப் ஃபிரேம் போட்டுப் பச்சை நெட் கட்டலாம். தென்னங்கீற்று இன்னும் குளிர்ச்சி, ஆனால் மட்கும், எலி குடியேறும், தீபாவளி ராக்கெட்டுக்குப் பயப்பட வேண்டும்.

உள்ளே என்றால் அலுமினிய ஃபாயில் ஒட்டிய பபிள் ஷீட். பளபளப்பான பக்கம் ஓர் இஞ்ச்சாவது காற்று இடைவெளியைப் பார்த்து இருந்தால்தான் அது அனலைத் தடுக்கும். பாதிப் பேர் அதைத் தகரத்தோடு ஒட்டிவிட்டு ‘இதுவும் ஏமாற்று’ என்கிறார்கள். தெர்மோகோல் சூட்டை நன்றாகத் தடுக்கும், மலிவும்கூட. ஆனால் தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், அந்தப் புகை மூச்சை அடைத்துவிடும். வெல்டிங், கிரைண்டிங், தேய்ப்புக் கடை என்றால் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வைத்திருப்பவர்கள் அதைத் தேய்க்கவோ, கட்டிங் மெஷினால் அறுக்கவோ, காய்ந்த நிலையில் சுரண்டவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. நனைத்து மெதுவாகத் துடைத்துவிட்டுப் பூச்சு அடியுங்கள்.

கான்கிரீட் மாடி எங்களது. சுண்ணாம்பு போதுமா, கூல் ரூஃப் பெயின்ட்தான் வேணுமா?

ஒரு வெயில் காலத்துக்குச் சுண்ணாம்பு போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைமழையில் கரைந்துவிடும், அடுத்த மாசியில் திரும்ப அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் விலை அதிகம், ஆனால் சில ஆண்டுகள் நிற்கும். மாடியில் நடமாட்டம் இருந்தால் உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிப்பது நெடுநாளைக்கு மலிவு.

மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட வெதரிங் கோர்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத வெறும் கான்கிரீட் என்றால் எந்தப் பெயின்டும் பாதிதான் காப்பாற்றும்.

ஏர் கூலர் வெச்சேன். உடம்பெல்லாம் பிசுபிசுங்குது. கூலர் ரிப்பேரா?

கூலர் நன்றாகத்தான் இருக்கும், ஊரும் அறையும்தான் பொருந்தவில்லை. கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாக இடமில்லை. வேலூர், திருச்சி, கரூர் பக்கம் மே மாத மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைக் கொடுக்கும். சென்னையில் கடற்காற்று நுழைந்த பிறகு 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அதே கூலர் 30, 31 டிகிரிக்கு மேல் இறக்காது, கூடவே புழுக்கத்தையும் கொடுக்கும். கடலூர், நாகை, தூத்துக்குடிக்காரர்களுக்கும் இதே கதைதான்.

உள்நாட்டு ஊரிலும் அடைத்த அறையில் வைத்தால் அரை மணியில் அறை முழுக்க ஈரமாகி, உங்கள் கூலர் சென்னைக் கூலர் ஆகிவிடும். கூலர் ஷட்டர் பக்கம், முதுகு வெளிக்காற்றைப் பார்த்து. எக்ஸாஸ்ட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வெட்டிவேர்த் தட்டியும் ஈரக் கோணிச்சாக்கும் இதே கணக்குதான்.

எலக்ட்ரீஷியனாக ஒரு வார்த்தை. தகர பாடி கூலர், ஈரம், சிமென்ட் தரை, வெறுங்கால் நான்கும் சேர்ந்தால் உயிர் போகும். மூன்று பின் பிளக், உண்மையில் வேலை செய்யும் எர்த், கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இது இல்லாமல் கூலரை ஓட்டாதீர்கள்.

ஏசி போட்டா எல்லாம் முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு பேச்சு?

ரோலிங் ஷட்டர் ஏசிக்காகச் செய்தது இல்லை. ஒவ்வொரு பட்டிக்கும் நடுவே, இரண்டு பக்கச் சட்டத்தில், மேலே சுருள் பெட்டியில் எல்லாம் இடுக்கு. குளிர்ந்த காற்று கனம், அடியில் ஒழுகிப் போய்க்கொண்டே இருக்கும். ஷட்டருக்கு உள்ளே இரண்டடி தள்ளி அலுமினியச் சட்டமும் கண்ணாடிக் கதவும் போட்டு அடைத்த பிறகுதான் ஏசி. அது முடியாவிட்டால் கனமான பிவிசி பட்டைத் திரையாவது வேண்டும்.

கூரையைச் சரிசெய்யாமல் ஷீட் அறைக்கு ஒன்றரை டன் மாட்டியவர்கள் மதியம் முழுக்க அது நிற்காமல் ஓடுவதைப் பார்த்து இரண்டு டன்னுக்குப் போகிறார்கள். அந்தப் பணத்தில் பாதியைக் கூரையில் போட்டிருந்தால் ஒன்றரையே போதும். ஏசி ஓடும்போது பெரிய எக்ஸாஸ்டை நிறுத்திவிடுங்கள். ஆள் அதிகம் இருந்தால் நல்ல காற்றுக்காக அவ்வப்போது கதவைத் திறக்கலாம்.

அவுட்டோர் யூனிட்டை வெளியில வெச்சா திருடிடுவாங்க. உள்ளேயே உயரத்துல மாட்டலாமா?

கூடாது. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து எடுப்பது சுமார் 5 கிலோவாட் சூடு. கம்ப்ரசர் சாப்பிடும் ஒன்றரை கிலோவாட் கரண்டும் சூடாகத்தான் மாறும். இரண்டும் சேர்ந்து அவுட்டோர் வழியாக வெளியே வருகிறது. அதை உள்ளேயே வைத்தால் குளிர்ந்ததைவிடச் சூடானதுதான் அதிகம், அறை ஏறிக்கொண்டே போகும். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். வெளியே உயரத்தில் மாட்டி இரும்புக் கூண்டு போடுங்கள்.

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி கொஞ்சம் வேறு மாதிரி. ஒற்றைக் குழாய் மாடல் அறைக் காற்றையே வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு ஷட்டர் இடுக்கு வழியாக அனல் உள்ளே வரும். இந்த அறைக்கு அதை வாங்க வேண்டாம்.

வாடகைக் கடை. ஓனர் சுவத்துல ஆணி அடிக்கவே விடமாட்டார்.

வெளியே கழற்றக்கூடிய நெட்டும், அடியில் மூன்று இஞ்ச் திறந்த ஷட்டரும், பெடஸ்டல் ஃபேனும் வைத்துக்கொள்ளலாம். பழைய மஞ்சள் பல்பு, ஹாலஜன் இருந்தால் எல்இடிக்கு மாற்றுங்கள். தேய்ப்புப் பெட்டி ஒன்றே 750 முதல் 1000 வாட் சூட்டை உள்ளே விடுகிறது, அந்த மேஜையை ஷட்டர் வாசலுக்கு நகர்த்துங்கள். மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதை மட்டும் ஓனரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டுக்கும் குளிர்ச்சி என்றால் பலர் ஒத்துக்கொள்வார்கள், சில நேரம் செலவையும் சேர்த்து.

ராத்திரி திறந்து வெச்சா சுவர் ஆறும்ங்கிறாங்க. திருட்டுப் பயம் இருக்கே?

முதல் பதிலில் சொன்ன, சுவர் குடித்த சூட்டை ராத்திரியில்தான் வெளியேற்ற முடியும். ஷட்டரைத் திறக்க வேண்டாம். எக்ஸாஸ்டை ஒரு டைமரில் போட்டு ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஓட்டுங்கள், ஷட்டர் அடியில் மூன்று இஞ்ச் இடைவெளிக்குக் கிரில் கட்டை வைத்துப் பூட்டலாம். காலை எட்டு மணிக்கு நிலைமை தலைகீழ். வெளியே சூடேறத் தொடங்கியதும் ஆள் இல்லாத அறையை அடைத்துவிடுவதே நல்லது. கோவை, ஒசூர் பக்கம் ராத்திரி நன்றாக இறங்குவதால் இது பிரமாதமாக வேலை செய்யும். கத்திரி வெயிலில் சென்னை ராத்திரியே 28 டிகிரியில் நிற்கும்போது அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள்.

கார் நிக்கிற நாள்ல இன்னும் சூடாகுதே?

ஆகும். ஓடி வந்த இன்ஜின் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவு இரும்பும் ஆறுவது உங்கள் அறைக்குள். அரை மணி நேரம் வெளியே நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே விடுங்கள்.

கரண்ட் போனா ஜெனரேட்டரை உள்ளயே ஓட்டலாமா? ஷட்டரைப் பாதி திறந்துதான் வெப்போம்.

வேண்டாம். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தாலும் வேண்டாம். ஜெனரேட்டர், கார் எதுவாக இருந்தாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும். மணம், நிறம் எதுவும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று உணரும்போதே எழுந்து போகும் சக்தி போயிருக்கும். எக்ஸாஸ்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், கரண்ட் இல்லாதபோதுதானே ஜெனரேட்டர். அதை வெளியே, ஷட்டர் இடுக்கிலிருந்தும் பக்கத்து ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். காரில் ஏசி போட்டுக்கொண்டு அடைத்த ஷெட்டில் உட்காருவதும் இதே ஆபத்துதான்.

ஆள் இல்ல, பொருள்தான் இருக்கு. அதுக்கும் இதெல்லாம் வேணுமா?

என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அது சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், இலேசான வாயு என்பதால் கூரையில் தேங்கும். மேலே சொன்ன மேல் எக்ஸாஸ்ட் இதற்குப் பொருத்தம். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், தின்னர் ஆவி இதற்கு நேர் எதிர், தரையோடு படியும். மேலே மட்டும் ஓட்டை இருந்தால் அது கீழேயே கிடக்கும், சுவிட்ச் போடும்போது பற்றிக்கொள்ளும். அவற்றை இந்த அறையில் வைக்காமல் இருப்பதே சரி. வைத்தே ஆக வேண்டும் என்றால் தரையை ஒட்டியும் வெளிச்சுவரில் காற்றுப் போகும் ஜாலித் துளை வேண்டும், சுவிட்ச் போர்டு அறைக்கு வெளியே இருக்க வேண்டும். மாத்திரை, டானிக் ஸ்டாக்கை எந்தக் கூரை வேலை செய்தாலும் இங்கே வைக்காதீர்கள், ஏசி அறை வேண்டும்.

எல்லாம் செஞ்சும் ரெண்டு மணிக்கு உள்ள உட்கார முடியல. வேற என்ன?

சில அறைகளில் அவ்வளவுதான் முடியும். மேற்கு ஷட்டர், ஷீட் கூரை, மூன்று பக்கம் அடைப்பு என்றால் மே மாதம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வேலையை நிறுத்திவிட்டுக் காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்குங்கள். பல பட்டறைக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். உப்புப் போட்ட மோர், நீராகாரம் பக்கத்தில் இருக்கட்டும்.

கூட வேலை செய்பவர் பேச்சுக் குழறினால், நிலை தடுமாறினால், உடம்பு கொதித்தால் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி வந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனை அவர் மேல் திருப்பிவிட்டு, 108-க்குக் கூப்பிடுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.